இந்தப் பழைய கண்ணாடி எந்தக் காலத்தது, எதற்கு வைத்திருந்தார்கள்?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கிற பழம்பொருள் கடைகளில், மரத்தூண்களுக்கும் எனாமல் பாத்திரங்களுக்கும் நடுவே கண்ணாடிச் சாமான்களும் அடுக்கி வைத்திருப்பார்கள். கருநீலத்தில் ஒரு சின்னக் கிண்ணம், கழுத்து நெரிந்த ஒரு சோடா பாட்டில், எந்தப் பக்கம் வைத்தாலும் உருள்கிற ஒரு குப்பி. எதற்குப் பயன்பட்டது என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. எந்தக் காலம் என்று கேட்டால் மட்டும் உடனே பதில் வரும்: "பெல்ஜியம் கிளாஸ், நூறு வருஷத்துக்கு மேல."

விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் விற்றவர் சொன்னதை அவர் சொல்கிறார். சேகரிப்பவர்கள் மத்தியிலும் இப்படிச் சில விதிகள் சுற்றி வருகின்றன. குமிழி இருந்தால் பழசு, பக்கவாட்டில் கோடு ஓடினால் புதுசு, ஊதா நிறம் ஏறியிருந்தால் நூறு வருடம், அடியில் வருடம் போட்டிருந்தால் அந்த வருடம் செய்தது. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஏதோ ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வயது சொன்னால் தப்பாகத்தான் போகும்.

கண்ணாடியில் தெரிகிற அடையாளம் எதுவும் நேராக வயதைச் சொல்வதில்லை. அது எப்படிச் செய்யப்பட்டது என்பதைத்தான் சொல்கிறது. அந்தச் செய்முறை எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரிந்தால்தான் வயதுக்கு வர முடியும். இந்தக் கட்டுரை அதை அடியிலிருந்து விளக்குகிறது. இதுவரை ஒரு பாட்டிலைக்கூடத் திருப்பிப் பார்க்காதவர்களுக்காக எழுதியது.

## தேதி இல்லாத ஒரு குடும்பப் படம்

வீட்டு ஆல்பத்தில் பின்பக்கம் எதுவும் எழுதாத ஒரு குரூப் போட்டோ இருக்கிறது என்று வையுங்கள். எப்போது எடுத்தது? சுவரில் 1984ஆம் வருடக் காலண்டர் தொங்குகிறது. அப்படியானால் படம் அந்தக் காலண்டர் அச்சாவதற்கு முன்னால் எடுத்திருக்க முடியாது. நடுவில் தாத்தா உட்கார்ந்திருக்கிறார், அவர் 1987இல் இறந்தார். அப்படியானால் அதற்குப் பின்னாலும் எடுத்திருக்க முடியாது. ஆக 1984க்கும் 1987க்கும் இடையில் என்று வந்துவிட்டோம். பாட்டி கட்டியிருக்கிற பட்டுச் சேலை 1950இல் கல்யாணத்துக்கு எடுத்தது. அதற்காகப் படத்தையும் 1950இல் எடுத்தது என்று யாரும் சொல்ல மாட்டோம்.

கண்ணாடிக்கும் இதே கணக்குதான். "இதற்கு முன்னால் இருக்க முடியாது" என்று சொல்லும் தடயத்தைக் கீழ் வரம்பு என்போம். "இதற்குப் பின்னால் இருக்க முடியாது" என்று சொல்வதை மேல் வரம்பு என்போம். கீழ் வரம்பு எளிதில் கிடைத்துவிடும், ஏனென்றால் ஒரு கண்டுபிடிப்பு வந்த தேதி பெரும்பாலும் பதிவாகியிருக்கும். மேல் வரம்புதான் கஷ்டம். பழைய முறை ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை, சில முறைகள் இன்றும் நிற்கவில்லை. கடையில் கேட்கிற "நூறு வருஷம்" பெரும்பாலும் கீழ் வரம்பை மட்டும் பார்த்துவிட்டு, மேல் வரம்பைத் தேடாமலே சொல்வது. பாட்டியின் சேலையை வைத்துப் படத்துக்குத் தேதி போடுகிற தப்பு இதுதான்.

## கண்ணாடிக்கு உருவம் கொடுக்கும் வழிகள்

மணல், சோடா உப்பு, சுண்ணாம்பு மூன்றையும் உலையில் உருக்கினால் கண்ணாடிக் குழம்பு கிடைக்கும். அதை ஒரு பாத்திரமாக்கப் பல வழிகள் உண்டு.

மிகப் பழைய வழிகளில் ஒன்று, நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் குழம்பை எடுத்து வாயால் ஊதுவது. ஊதி முடித்ததும் குழாயிலிருந்து பிரிக்க வேண்டும், பிறகு வாய்ப்பகுதியைச் சூடாக்கி ஒழுங்கு செய்ய வேண்டும். சுடச்சுட இருக்கிற பாட்டிலை எதைக் கொண்டு பிடிப்பது? அடியில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டவைத்துப் பிடித்துக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் கம்பியைத் தட்டி எடுத்தால் அடியில் கரடுமுரடான ஒரு தழும்பு தங்கிவிடும். அதற்குப் பான்டில் தழும்பு என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பாட்டிலின் உடலையே கவ்விப் பிடிக்கிற ஒரு கருவி வந்தது. அதனால் 1860களுக்குப் பிறகு சாதாரண பாட்டில்களில் இந்தத் தழும்பு வேகமாகக் குறைந்துவிட்டது.

பாட்டில்களில் என்று சொன்னதைக் கவனியுங்கள். கையால் செய்கிற பூ ஜாடி, அலங்காரக் கிண்ணம் போன்றவற்றுக்கு இன்றைக்கும் அதே கம்பிதான். போன வாரம் செய்த ஜாடியிலும் தழும்பு இருக்கும். ஒரே அடையாளம், பாட்டிலில் ஒரு பொருள், ஜாடியில் வேறு பொருள்.

இரண்டாவது வழி, குழம்பை அச்சுக்குள் விட்டு ஊதுவது. மூன்றாவது, அச்சுக்குள் போட்டு மேலிருந்து ஓர் இரும்புத் தண்டால் அழுத்துவது. இதுதான் அழுத்துக் கண்ணாடி. அமெரிக்காவில் 1820களில் இது பெரிய அளவில் பரவி, வெட்டுக் கண்ணாடி போலத் தோன்றும் தட்டுகளையும் கிண்ணங்களையும் மலிவாக்கியது.

ஊதியதா, அழுத்தியதா என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். விரலை உள்ளே விட்டுத் தடவுங்கள். வெளியே மேடாக இருக்கிற இடத்தில் உள்ளே பள்ளம் தட்டுப்பட்டால் அது அச்சுக்குள் ஊதியது. காற்று கண்ணாடியை அச்சின் மேடுபள்ளத்துக்குள் தள்ளியிருக்கிறது. வெளியே எவ்வளவு வேலைப்பாடு இருந்தாலும் உள்ளே வழவழப்பாக இருந்தால் அது அழுத்தியது. உள்பக்கம் தண்டின் வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது.

நான்காவது வழி இயந்திரம். அமெரிக்காவின் டொலிடோ நகரில் மைக்கேல் ஓவன்ஸ் என்பவர் 1903 வாக்கில் முழுத் தானியங்கி பாட்டில் இயந்திரத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதன்பின் இரண்டு பத்தாண்டுகளுக்குள் அமெரிக்க பாட்டில் தொழிலின் பெரும்பகுதி இயந்திரத்துக்கு மாறிவிட்டது. ஓவன்ஸ் இயந்திரம் குழம்பை உறிஞ்சி எடுத்து ஒரு கத்தியால் வெட்டும். வெட்டிய இடம் பாட்டிலின் அடியில் ஓர் ஒழுங்கற்ற வட்டக் கோடாகத் தெரியும். அந்த வட்டம் பெரும்பாலும் அடியின் நடு மையத்தில் இருக்காது, கொஞ்சம் ஒதுங்கியிருக்கும். புதியவர்கள் இதைப் பான்டில் தழும்பு என்று நினைத்துப் பல பத்தாண்டுகள் பின்னால் போய்விடுகிறார்கள். பான்டில் தழும்பு கைக்குக் குத்தும், இந்த வட்டம் மெல்லிய ரேகையாகத்தான் தட்டுப்படும்.

## பக்கவாட்டுக் கோடு எதுவரை போகிறது?

அச்சு பெரும்பாலும் இரண்டு பாதிகளாக இருக்கும். இரண்டும் சேருகிற இடத்தில் கண்ணாடி லேசாகப் பிதுங்கி ஒரு கோடாக நிற்கும். இதை இணைப்புக் கோடு என்று வைத்துக்கொள்வோம். பாட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடித்தால் தெரியும். தெரியாவிட்டால் நகத்தால் தடவினால் தட்டுப்படும்.

அச்சில் கையால் ஊதிய பாட்டிலில் உடல் மட்டும்தான் அச்சுக்குள் உருவாகும். குழாயிலிருந்து பிரித்தபின் வாயைத் தனியாகச் செய்ய வேண்டும். ஒரு கண்ணாடிப் பட்டையைச் சுற்றி ஒட்டுவார்கள், அல்லது வாயையே மறுபடி சூடாக்கி ஒரு கருவியைச் செருகிச் சுழற்றி வழிப்பார்கள். அப்படிச் சுழற்றும்போது அங்கிருந்த இணைப்புக் கோடு அழிந்துவிடும். அதனால் கோடு கழுத்தில் எங்கோ மங்கி நின்றுவிடும், வாய் விளிம்பு வரை ஏறாது.

இயந்திரத்தில் வரிசையே தலைகீழ். வாய்தான் முதலில் உருவாகும், உடல் பிறகு. வாய்க்கும் ஓர் அச்சு இருப்பதால் கோடு விளிம்பின் மேல் வரை ஏறிப்போகும். வாய்க்குக் கீழே கழுத்தைச் சுற்றி ஒரு கிடைக்கோடும் இருக்கும்.

எனவே கோடு விளிம்பு வரை ஏறியிருந்தால் அநேகமாக 20ஆம் நூற்றாண்டுப் பாட்டில், கழுத்திலேயே நின்றுவிட்டால் அதற்கு முந்தைய கைமுறை. இதுவரை சரி. இங்கிருந்துதான் தப்பு ஆரம்பிக்கிறது. கோடு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து "தோளில் நின்றால் 1860, கழுத்தில் நின்றால் 1890" என்று சொல்லும் பட்டியல்கள் நிறைய உண்டு. இவற்றை நம்பாதீர்கள். கைமுறைப் பாட்டிலில் கோடு எங்கே அழிகிறது என்பது அந்தத் தொழிலாளி எவ்வளவு நீளத்துக்குச் சூடாக்கி வழித்தார் என்பதைப் பொறுத்தது. ஒரே நாளில், ஒரே அச்சில் வந்த பாட்டில்களிலேயே அது மாறும்.

கோடே இல்லாவிட்டால் மிகப் பழசு என்பதும் சரியில்லை. அச்சுக்குள்ளேயே பாட்டிலைச் சுழற்றிக் கோட்டை அழிக்கிற ஒரு முறை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒயின் பாட்டில்களுக்குப் பரவலாக இருந்தது. அவற்றின் உடலில் மெல்லிய கிடைரேகைகள் சுற்றிச் சுற்றி ஓடும். இன்னொரு பக்கம், 1830இல் செய்த அழுத்துக் கண்ணாடித் தட்டில் கோடு தெளிவாகவே இருக்கும், அது அச்சில் பிறந்ததுதானே.

குமிழியைப் பற்றி ஒரு வார்த்தை. உருக்கும்போது காற்று முழுதாக வெளியேறாவிட்டால் குமிழி நிற்கும், அவ்வளவுதான். இன்றைய கைவினைக் கண்ணாடியில் அழகுக்காக வேண்டுமென்றே விடுகிறார்கள். குமிழியை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது.

இதுவரை பார்த்தது: அடியில் இருக்கிற தழும்பும், பக்கவாட்டுக் கோடும், உள்பக்கத்தின் மேடுபள்ளமும் செய்முறையைக் காட்டுகின்றன. செய்முறை கீழ் வரம்பைத் தருகிறது. என்ன பொருள் என்று தெரியாமல் தழும்புக்கு அர்த்தம் சொல்லக் கூடாது.

## நிறம் எப்படி வருகிறது, எப்படி மாறுகிறது?

சாதாரண மணலில் இரும்பு கலந்திருக்கும். அதனால்தான் ஒன்றும் சேர்க்காத கண்ணாடி இளம்பச்சையாகவோ நீலப்பச்சையாகவோ வருகிறது. பழைய சோடா பாட்டில்களின் நிறம் அதுதான். அந்தப் பச்சையைப் போக்கி, உள்ளே இருக்கிற பொருள் தெளிவாகத் தெரிய மாங்கனீசு சேர்த்தார்கள்.

மாங்கனீசு சேர்த்த கண்ணாடி பல வருடங்கள் வெயிலில் கிடந்தால் இளம் ஊதாவாக மாறும். சூரிய ஒளியில் இருக்கிற புற ஊதாக் கதிர், மாங்கனீசு அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரித்துவிடும். அப்படி மாறிய மாங்கனீசுக்கு ஊதா நிறம். அமெரிக்கப் பாட்டில்களில் இது பெரும்பாலும் 1880களுக்கும் முதல் உலகப் போர்க் காலத்துக்கும் இடைப்பட்டவற்றில் காணப்படும். அதன்பிறகு அங்கே மாங்கனீசுக்குப் பதிலாகச் செலினியம் வந்தது. செலினியம் சேர்த்த கண்ணாடியைக் கனமான அடிப்பக்கம் வழியாகப் பார்த்தால் வைக்கோல் நிறச் சாயல் தெரியும்.

அதனால் இளம் ஊதா நல்ல தடயம்தான். ஆனால் கத்தரிக்காய் நிறத்தில் அடர்த்தியாக, அடி முதல் வாய் வரை ஒரே சீராக ஊதா இருந்தால் சந்தேகப்படுங்கள். கதிர்வீச்சுக் கருவிக்குள் வைத்து நிறமேற்றி விற்கும் வேலை பல காலமாக நடக்கிறது. பாட்டில் நிஜமாகவே பழசாக இருக்கலாம், நிறம் மட்டும் நேற்று ஏற்றியதாக இருக்கும். சேகரிப்பவர்களில் பலர் இதைச் சேதப்படுத்துவதாகவே கருதுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஏற்றிய நிறத்தைச் சாதாரணமாகத் திரும்ப எடுக்க முடியாது, அதோடு அந்தப் பாட்டிலில் இருந்த ஒரு தடயமும் போய்விடுகிறது.

இன்னொரு பிரபலமான சோதனை யூவி டார்ச், அதாவது புற ஊதாக் கதிர் வீசும் டார்ச். இருட்டறையில் அடித்தால் சில மஞ்சள், பச்சைக் கண்ணாடிகள் பளீரென்று பச்சையாக ஒளிரும். அது யுரேனியம் கலந்த கண்ணாடி. 1830களில் பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) யோசெஃப் ரீடெல் இதைப் பிரபலப்படுத்தினார். இரண்டாம் உலகப் போரின்போது யுரேனியம் முழுவதும் அரசாங்கக் கட்டுப்பாட்டுக்குப் போனதால் அமெரிக்காவில் தயாரிப்பு நின்றது, 1950களின் கடைசியில் மறுபடி தொடங்கியது. இன்றும் செய்கிறார்கள். ஆக, ஒளிர்வது யுரேனியம் இருப்பதைக் காட்டுமே தவிர வயதைக் காட்டாது. மங்கலாகப் பச்சை ஒளிர்ந்தால் அது யுரேனியமே இல்லாமல் மாங்கனீசாகக்கூட இருக்கலாம்.

## பொறித்த எழுத்து: தேதி என்றால் எந்தத் தேதி?

எல்லாரையும் ஏமாற்றுகிற ஓர் உதாரணம், ஊறுகாயும் பழப்பாகும் போட்டு வைக்கிற மேசன் ஜாடி. திருகு மூடிக்கு ஏற்ற வாய் கொண்ட ஜாடிக்கு ஜான் லாண்டிஸ் மேசன் 1858 நவம்பர் 30 அன்று காப்புரிமை பெற்றார். அந்தத் தேதியை ஜாடியின் மேல் பெரிதாகப் பொறித்தார்கள். காப்புரிமைக் காலம் முடிந்தபிறகும் பல கம்பெனிகள் அதே எழுத்தைப் பொறித்துக்கொண்டே இருந்தன, 20ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகும்கூட. '1858' என்று எழுதிய ஜாடிகளில் பெரும்பாலானவை 1858இல் செய்தவை அல்ல. அந்தத் தேதி கீழ் வரம்பு மட்டுமே.

பிரிட்டிஷ் கண்ணாடியில் சில நேரம் ஒரு சிறிய வைர வடிவக் குறி இருக்கும், மூலைகளில் எழுத்தும் எண்ணும். இது வடிவமைப்பைப் பதிவு செய்ததற்கான முத்திரை. 1842 முதல் 1883 வரை இருந்தது. உச்சியில் உள்ள வட்டத்தில் ரோமன் எண் மூன்று இருந்தால் கண்ணாடி வகை. 1884 தொடக்கத்திலிருந்து வைரக் குறி போய், 'ஆர்டி நம்பர்' என்று ஒன்றிலிருந்து தொடங்கும் வரிசை எண் வந்தது. 1900 பிறக்கும்போது அது மூன்றரை லட்சத்தைத் தொட்டிருந்தது. இந்த எண்களுக்கு வருடவாரியான அட்டவணை உண்டு. அதில் கிடைப்பதும் வடிவமைப்பைப் பதிவு செய்த வருடம்தான். நன்றாக விற்ற வடிவத்தை அதற்குப் பிறகும் பல வருடம் செய்திருப்பார்கள்.

நாட்டின் பெயர் இன்னும் உதவும். 'செக்கோஸ்லோவாக்கியா' என்று பொறித்திருந்தால் 1918 அக்டோபருக்கு முன்னால் போக வழியே இல்லை, அந்த நாடே அப்போதுதான் பிறந்தது. 1992 முடிவோடு அது பிரிந்துவிட்டதால் மேல் வரம்பும் கிடைக்கிறது.

நம் ஊர்ச் சாமான்களுக்கும் இதே வழி உண்டு. மருந்து பாட்டிலின் காகித லேபிளில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அந்த லேபிள் 1972 ஆகஸ்ட் 15க்கு முன்னால் அச்சாகியிருக்காது, பின்கோடு முறை தொடங்கியதே அன்றுதான். விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முந்தையது என்று கொள்ளலாம். பக்கவாட்டில் அவுன்ஸ் அளவு மட்டும் பொறித்திருந்தால், 1956ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகு படிப்படியாக மெட்ரிக் அளவு வருவதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். 'சிலோன்' என்று இருந்தால் 1972 மே மாதத்தை மனதில் வையுங்கள், அந்த நாடு ஸ்ரீலங்கா என்று பெயர் மாற்றிக்கொண்டது அப்போதுதான். ஆனால் லேபிளின் வயது வேறு, பாட்டிலின் வயது வேறு. காலிப் பாட்டிலைக் கழுவி மறுபடி நிரப்புவது நம்மிடம் என்றைக்கும் உள்ள வழக்கம்.

ஒரு பாட்டிலை எடுத்து முழுதாகவே பார்த்துவிடுவோம். பழுப்பு நிற அமெரிக்க விஸ்கி பாட்டில். கோடு விளிம்பு வரை ஏறுகிறது, ஆக இயந்திரம். தோளில் 'இந்தப் பாட்டிலை மறுபடி விற்பதும் பயன்படுத்துவதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அமெரிக்காவில் 1935 முதல் 1964 வரை மது பாட்டில்களில் இது கட்டாயமாக இருந்தது. அடியில் ஒரு சாய்சதுரமும் அதன்மேல் 'ஓ', 'ஐ' என்ற ஆங்கில எழுத்துகளும். இது ஓவன்ஸ்-இல்லினாய் கம்பெனியின் முத்திரை. அந்தக் கம்பெனி 1929இல் உருவானது, முத்திரையை 1954 வாக்கில் மாற்றத் தொடங்கியது. மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் 1935க்கும் ஐம்பதுகளுக்கும் இடையில் என்று வருகிறது. எந்த ஒரு தடயமும் தனியாக இவ்வளவு நெருக்கியிருக்காது.

இதுவரை பார்த்தது: பொறித்த தேதி பெரும்பாலும் கீழ் வரம்பு. நாடு, நாணயம், அளவு, அஞ்சல் குறி ஆகியவை மேல் வரம்பும் தரக்கூடும். வயது என்பது எல்லா வரம்புகளும் சேர்ந்து விட்டுவைக்கிற இடைவெளி.

## கோலி சோடா பாட்டில்: வடிவம் பழசு, பாட்டில்?

நம் எல்லாருக்கும் தெரிந்த பொருள் இது. அதை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். வாயின் உள்பக்கம் ஒரு பள்ளம், அதில் ரப்பர் வளையம் உட்காரும். கீழே கழுத்து இறுக்கமாக நெரிந்திருக்கும், அதனால் கோலி பாட்டிலின் வயிற்றுக்குள் விழாது. கழுத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு அழுத்தங்கள், ஊற்றும்போது கோலி உருண்டு வந்து வாயை அடைக்காமல் அங்கே தங்கிக்கொள்ளும். அதனால்தான் இதைக் குறிப்பிட்ட பக்கமாகச் சாய்த்தால் மட்டும் ஒழுங்காக ஊற்றும். தலைகீழாக வைத்து நிரப்புவார்கள். நிமிர்த்தியதும் வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி ரப்பரோடு ஒட்டவைத்துவிடும். தக்கை இல்லை, கம்பி இல்லை, மூடி இல்லை.

இதைக் கண்டுபிடித்தவர் லண்டன் கேம்பர்வெல்லைச் சேர்ந்த ஹைரம் காட். 1870களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்றார். பிரிட்டனில் கிரவுன் மூடி (இன்றும் சோடா பாட்டில்களில் இருக்கிற, விளிம்பு நெளிந்த தகர மூடி) பரவியதும் இது மெல்ல ஒழிந்தது. அந்த மூடிக்கு வில்லியம் பெயின்டர் 1892இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியிருந்தார். இந்தியாவிலும் ஜப்பானிலும் மட்டும் கோலி பாட்டில் பிழைத்தது. ஜப்பானில் ராமுனே என்ற பானம் இன்றும் கோலி வைத்த பாட்டிலில்தான் வருகிறது.

ஆக, வடிவம் தருகிற கீழ் வரம்பு 1870கள். மேல் வரம்பு? கிடையாது. நம் ஊரில் இன்றும் செய்கிறார்கள், இன்றும் குடிக்கிறோம். "விக்டோரியா காலத்து கோலி பாட்டில்" என்று யாராவது சொன்னால் அந்த வடிவம் விக்டோரியா காலத்தது என்பது மட்டும் நிச்சயம். பாட்டிலைப் பற்றிப் பேச வேறு தடயம் வேண்டும்: பொறித்த கம்பெனியின் பெயரும் ஊரும், வாய் விளிம்பைத் தனியாக ஒட்டியிருக்கிறார்களா என்பது, அப்புறம் தேய்மானம்.

தேய்மானத்தை நான் பெரிதும் நம்புவேன். மரப்பெட்டியில் பல வருடம் ஆடி ஆடி ஊர் சுற்றிய சோடா பாட்டிலின் தோளிலும் அடிப்பகுதியிலும் மங்கலான ஒரு பட்டை விழுந்திருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கீறல்கள் எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், ஆழமும் ஒன்றுபோல் இருக்காது. உப்புக் காகிதத்தால் தேய்த்துப் பழசாக்கியதில் கீறல்கள் ஒரே திசையில், ஒரே ஆழத்தில், மேசையில் படவே முடியாத இடங்களிலும் இருக்கும். இன்னொன்று, முழுக்கக் கருநீலத்தில் வந்த பழைய பிரிட்டிஷ் கோலி பாட்டில்கள் மிக அரிது, விலையும் அதிகம். மலிவாகக் கருநீலத்தில் ஒன்று கிடைத்தால் அலங்காரத்துக்காகப் புதிதாகச் செய்ததாகத்தான் இருக்கும்.

## எதற்காகச் செய்தார்கள்?

வயதைவிட இந்தக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. பொருளின் பயன் அதன் வாயிலும் அடியிலும் இருக்கிறது. எப்படி நிற்கிறது, எது உள்ளே போகிறது, எது எப்படி வெளியே வருகிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

நிற்கவே முடியாத பொருள் என்றால் அது தெரிந்தே அப்படிச் செய்தது. முட்டை போல அடி உருண்ட சோடா பாட்டில் ஒன்று உண்டு, ஹாமில்டன் பாட்டில் என்று பெயர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. நிறுத்த முடியாவிட்டால் படுக்கத்தான் வைக்க வேண்டும். படுத்திருந்தால் தக்கை எப்போதும் நனைந்தே இருக்கும். நனைந்த தக்கை உப்பி, வாயு கசியாமல் அடைத்துக்கொள்ளும். காட் தன் கோலியால் தீர்த்துவைத்த பிரச்சினைக்கு அறுபது வருடத்துக்கு முந்தைய தீர்வு இது.

வாய் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில், இரண்டு பக்கம் உயர்ந்து இரண்டு பக்கம் தாழ்ந்திருக்கிற சின்னக் கிண்ணம் கிடைத்தால் அது குடிக்கிற கோப்பை அல்ல. கண் கழுவும் கிண்ணம். அந்த விளிம்பு கண்குழிக்குப் பொருந்துவதற்காக வளைந்தது. மருந்துநீரை நிரப்பிக் கண்ணோடு சேர்த்து வைத்துத் தலையைப் பின்னால் சாய்ப்பார்கள். கருநீலத்தில் நிறையக் கிடைக்கும், பலர் குட்டி ஒயின் கிண்ணம் என்று ஷோகேஸில் வைத்திருக்கிறார்கள்.

கருநீலமோ கரும்பச்சையோ, அறுகோண வடிவில், பக்கமெல்லாம் வரிவரியாக மேடு வைத்த குப்பி என்றால் விஷ பாட்டில். பிரிட்டனில் 'நாட் டு பி டேக்கன்' என்ற வரியைப் பொறித்திருப்பார்கள், உட்கொள்ளக் கூடாது என்று அர்த்தம். மின்விளக்கு இல்லாத வீட்டில் நள்ளிரவில் மருந்து என்று நினைத்துக் கையை நீட்டுபவர், தொட்டவுடனே வேறு பாட்டில் என்று உணர வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மேடுகள்.

மூன்று குட்டிக் கால்களோடு, அடியில் ஓட்டையும் மேலே மூடியும் கொண்ட குடுவை ஈப்பொறி. அடி விளிம்பு உள்பக்கமாக மடிந்து ஒரு வாய்க்கால் போல இருக்கும், அதில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவார்கள். கீழிருந்து உள்ளே வந்த ஈ வெளிச்சத்தை நோக்கி மேலேயே பறக்கும், வந்த வழியாகத் திரும்பாது. இதை விளக்கு என்று விற்பதைப் பார்க்கலாம்.

பேப்பர்வெயிட் என்று விற்கிற கனமான நீலப்பச்சை மணிக்குள் திருகுமரை இருந்தால், அது தந்திக் கம்பத்தில் மரக்குச்சியின் மேல் திருகி வைத்த மின்காப்பான். உள்ளே மரை வைக்கும் முறைக்கு அமெரிக்காவில் லூயி கோவே 1865இல் காப்புரிமை பெற்றார், ஆக கீழ் வரம்பு கையிலேயே இருக்கிறது. சிலவற்றின் அடி விளிம்பில் பல் பல்லாகக் கூர்முனைகள் இருக்கும். மழைத்தண்ணீர் படலமாகப் பரவி மின்சாரத்தைக் கடத்திவிடாமல் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும் என்று வைத்தவை. அந்த வகையில் பலவற்றில் 1893 மே 2 என்ற காப்புரிமைத் தேதி இருக்கும். மேசன் ஜாடியை நினைவில் வைத்துக்கொண்டு அந்தத் தேதியைப் படியுங்கள்.

## வேறொருவரிடம் கேட்பதற்கு முன்

பொருள் என்னவென்று பிடிபடாமல் தெரிந்தவர் ஒருவரிடம் படம் அனுப்பினால், முன்பக்க அழகை மட்டும் காட்டும் ஒரு படத்தால் அவருக்கு உதவியில்லை. அடிப்பக்கம், வாயை மேலிருந்து, கழுத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் கோடு தெரியும்படி, பொறித்த எழுத்துகள், பக்கத்தில் ஒரு ஸ்கேல். எழுத்து மங்கலாக இருந்தால் பாட்டிலுக்குள் வெள்ளைக் காகிதத்தைச் சுருட்டி வைத்து எடுங்கள், தெளிவாக வரும். யூவி டார்ச்சில் ஒளிர்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழைய லேபிளோ, உள்ளே காய்ந்த படிவமோ இருந்தால் கழுவாதீர்கள். அதுவே முக்கியத் தடயமாக இருக்கலாம், விஷமாகவும் இருக்கலாம். குறிப்பாக, திரவம் நிரப்பி வாயை மூடிய உருண்டைக் குப்பி கிடைத்தால் கவனம் தேவை. தீப்பிடித்த இடத்தில் எறிந்து உடைப்பதற்கென்றே அப்படிக் குப்பிகள் செய்தார்கள். பழையவற்றில் பெரும்பாலும் உப்புத்தண்ணீர்தான், பிற்காலத்தவற்றில் பல கார்பன் டெட்ராகுளோரைடு நிரப்பியவை. அதன் ஆவி கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், சூடான இடத்தில் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவும் உண்டாகும். அப்படி ஒன்று வந்தால் திறந்து மோந்து பார்க்காமல், விழாத இடத்தில், பஞ்சு சுற்றிய பெட்டியில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.